அக்கவுண்ட்ஸ், ஃபைனான்ஸ் வேலைக்கு ரெஸ்யூம் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

"டேலி தெரியும், ஜிஎஸ்டி தெரியும், டிடிஎஸ் தெரியும்." தமிழ்நாட்டில் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு வரும் ரெஸ்யூம்களில் பெரும்பாலானவை இதைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. மீதி இடத்தை அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு, உறுதிமொழி எல்லாம் பிடித்துக்கொள்கின்றன. எழுதியவர் ஐந்து வருடம் ராப்பகலாக உழைத்திருப்பார். மார்ச் முடிவில் வீட்டுக்குப் போகாமல் கணக்கை முடித்துக் கொடுத்திருப்பார். அந்த உழைப்பு ரெஸ்யூமில் எங்கேயும் தெரியாது.

ரெஸ்யூமைப் படிக்கும் சீனியர் அக்கவுண்டன்டோ ஆடிட்டரோ ஃபைனான்ஸ் மேனேஜரோ மனதில் ஒரு கேள்வியோடுதான் படிக்கிறார்: இவரிடம் கணக்கைக் கொடுத்தால் எதுவரை தனியாகக் கொண்டுபோவார்? பில் பதிவு போடுவதோடு நிற்பாரா, பேங்க்கையும் பார்ட்டி லெட்ஜரையும் ஒப்பிட்டுச் சரிசெய்வாரா, ரிட்டன் ஃபைல் செய்வாரா, மாத க்ளோசிங் முடிப்பாரா, பேலன்ஸ் ஷீட்டை ஃபைனலைஸ் செய்து ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்வாரா? அந்த வரிசையில் நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அதற்காகத்தான்.

ரெஸ்யூமை ஆங்கிலத்தில்தான் அனுப்பப்போகிறீர்கள். எதை எழுதவேண்டும் என்பது புரிவதற்காக மாதிரி வரிகளை இங்கே தமிழில் தந்திருக்கிறேன்.

முதல் படி: எந்த மாதிரி வேலை என்று தீர்மானியுங்கள்

ஒரே ரெஸ்யூமை எல்லா இடத்துக்கும் அனுப்பினால் எங்கேயும் ஒட்டாது. அக்கவுண்ட்ஸ் வேலை என்று பொதுவாகச் சொன்னாலும், நம் ஊரில் அது நாலு விதமாக இருக்கிறது.

ஆடிட்டர் ஆபீஸுக்குப் போகிறீர்கள் என்றால், எத்தனை விதமான வாடிக்கையாளர்களைப் பார்த்தீர்கள் என்பது முக்கியம். வியாபாரி, டாக்டர், டிரஸ்ட், பிரைவேட் லிமிடெட், பார்ட்னர்ஷிப் என்று ஒவ்வொன்றுக்கும் வேலை மாறும். டாக்ஸ் ஆடிட்டில் 3சிடி படிவத்தில் (வரித் தணிக்கை விவரங்களை நிரப்பும் படிவம்) எந்தப் பகுதிகளைத் தயார் செய்தீர்கள், நோட்டீஸுக்குப் பதில் எழுதியிருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள்.

கம்பெனி அக்கவுண்ட்ஸ் என்றால் ஊருக்கு ஊர் தொழில் வேறு. திருப்பூர் பின்னலாடைக் கம்பெனியில் நூல் வாங்கி, நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று வெளியே அனுப்பித் திரும்ப வாங்கும் ஜாப் ஒர்க் கணக்குதான் பெரிய தலைவலி. துணி எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ வந்தது, கழிவு எவ்வளவு என்று ஒப்பிடத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பே தனி. ஏற்றுமதி என்றால் எல்யுடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யத் தரும் உறுதிக் கடிதம்), ஷிப்பிங் பில், டியூட்டி டிராபேக் (கட்டிய சுங்க வரியைத் திரும்பப் பெறுவது), வெளிநாட்டுப் பணம் வந்துசேர்ந்ததற்கான இ-பிஆர்சி எல்லாம் சேரும். கோயம்புத்தூர் பம்ப் கம்பெனியிலோ ஃபவுண்டரியிலோ ஸ்டாக் மதிப்பீடும் காஸ்டிங்கும் முன்னால் நிற்கும். விண்ணப்பிக்கும் தொழிலில் உங்களுக்கு அனுபவம் இருந்தால் அதை மேலே கொண்டுவாருங்கள்.

மூன்றாவது, சென்னையிலும் கோவையிலும் இருக்கும் பன்னாட்டுக் கம்பெனிகளின் ஷேர்டு சர்வீஸ் மையங்கள், அதாவது பல கிளைகளின் கணக்கு வேலையை ஒரே இடத்தில் செய்யும் அலுவலகங்கள். அங்கே வேலையை பி2பி (P2P, புரொக்யூர் டு பே), ஓ2சி (ஆர்டர் டு கேஷ்), ஆர்2ஆர் (ரெக்கார்ட் டு ரிப்போர்ட்) என்று பிரித்துத்தான் பேசுவார்கள். சப்ளையர் பில் வாங்கிப் பணம் கொடுப்பதுவரை பி2பி. வாடிக்கையாளருக்கு பில் போட்டு வசூலிப்பதுவரை ஓ2சி. ஜர்னலில் ஆரம்பித்து மாத முடிவு அறிக்கைவரை ஆர்2ஆர். சிறிய கம்பெனியில் இந்த மூன்றையும் நீங்கள் ஒருவரே செய்திருக்கலாம். ஆனால் அந்தப் பெயர்களில் எழுதாவிட்டால் அங்கே தேடும்போது உங்கள் ரெஸ்யூம் கண்ணில் படாது.

நாலாவது வங்கி, நிதி நிறுவனங்கள். கடன் ஆய்வு வேலை என்றால், பேலன்ஸ் ஷீட் போடத் தெரிவதைவிடப் படிக்கத் தெரிவதுதான் பெரிது. சிஎம்ஏ டேட்டா (கடனுக்காக வங்கி கேட்கும் நிதி விவர அறிக்கை), ஒர்க்கிங் கேபிடல் கணக்கீடு, ஸ்டாக் ஸ்டேட்மென்ட், டிராயிங் பவர் (ஸ்டாக்கையும் வசூல் பாக்கியையும் வைத்து எடுக்கக்கூடிய கடன் வரம்பு) போன்றவற்றை கம்பெனி பக்கத்திலிருந்து தயார் செய்து வங்கிக்குக் கொடுத்திருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

இரண்டாவது படி: எழுதும் முன்னால் ஒரு தாளில் கணக்கெடுங்கள்

நேரடியாக வேர்டைத் திறந்து எழுத உட்கார்ந்தால் பழைய வாசகங்கள்தான் வரும். முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வேலை பார்த்த ஒவ்வொரு இடத்துக்கும் கீழ்க்கண்டவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் ஆண்டு விற்பனை தோராயமாக எவ்வளவு? மாதம் எத்தனை பர்ச்சேஸ் பில், எத்தனை சேல்ஸ் பில்? எத்தனை வங்கிக் கணக்கு, எத்தனை கிளை, எத்தனை ஜிஎஸ்டி பதிவு? சம்பளப் பட்டியலில் எத்தனை பேர்? எந்தெந்த ரிட்டன்களை நீங்களே தயார் செய்தீர்கள், எதை நீங்களே ஃபைல் செய்தீர்கள், எதை ஆடிட்டர் செய்தார்? மாதக் கணக்கு எந்தத் தேதிக்குள் முடிந்தது? உங்கள் வேலையை யார் சரிபார்த்தார்? உங்களுக்குக் கீழே யாராவது இருந்தார்களா?

பில் எண்ணிக்கையை ஊகிக்க வேண்டியதில்லை. டேலியில் ஸ்டாடிஸ்டிக்ஸ் என்று ஒரு ரிப்போர்ட் இருக்கிறது. எந்த வகை வவுச்சர் எத்தனை என்று அதுவே சொல்லிவிடும். எண்ணிக்கையை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி டேட்டாவை பென்டிரைவில் எடுத்து வருவது வேண்டவே வேண்டாம்.

இந்தத் தாளுக்கு ஒரு மாலை நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், ரெஸ்யூமின் உயிர் அதில்தான் இருக்கிறது.

மூன்றாவது படி: பக்கத்தின் தலைப்பகுதி

பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், இருக்கும் ஊர். முழு முகவரி தேவையில்லை. ஆதார் எண், பான் எண், பாஸ்போர்ட் எண் எதையும் போடாதீர்கள். ரெஸ்யூம் எத்தனை கை மாறும் என்று நமக்குத் தெரியாது, அந்த எண்களை வைத்து என்னென்ன மோசடி நடக்கிறது என்பது நம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.

பெயருக்குக் கீழே உங்கள் வேலையை ஒரே வரியில் சொல்லுங்கள்: "அக்கவுண்டன்ட் – ஜிஎஸ்டி, டிடிஎஸ், ஃபைனலைசேஷன் – 5 ஆண்டு – ஏற்றுமதித் துறை". வேலைவாய்ப்புத் தளங்களில் தேடுபவர் கண்ணில் முதலில் படுவது இந்த வரி.

அதற்கடுத்து மூன்று, நான்கு வரிச் சுருக்கம். "சவாலான சூழலில் என் திறமையை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புகிறேன்" என்ற கரியர் அப்ஜெக்டிவ் வாசகத்தை அடியோடு விட்டுவிடுங்கள். எல்லார் ரெஸ்யூமிலும் அதே வாசகம் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. அந்த இடத்தில் இப்படி எழுதலாம்:

"திருப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 35 கோடி விற்பனை உள்ள பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனியில் 4 ஆண்டுகளாக அக்கவுண்டன்ட். டேலி பிரைமில் தினசரிப் பதிவு முதல் ட்ரயல் பேலன்ஸ் வரை தனிப் பொறுப்பு. மாதாந்தர ஜிஎஸ்டி, டிடிஎஸ், பிஎஃப், இஎஸ்ஐ வேலைகளும் வங்கிக்கான ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டும் என் கையில். டாக்ஸ் ஆடிட்டுக்குத் தேவையான ஷெட்யூல்களைத் தயார் செய்து ஆடிட்டரின் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் அளிக்கிறேன்."

இதில் பெருமையடிக்கும் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் இவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பது படிப்பவருக்கு உடனே புரிந்துவிடும்.

நான்காவது படி: அனுபவம்

ரெஸ்யூமில் பாதிக்கு மேற்பட்ட இடத்தை இதற்குக் கொடுங்கள். கடைசியாகப் பார்த்த வேலை முதலில் வரட்டும். கம்பெனியின் பெயர், ஊர், பதவி, சேர்ந்த மாதமும் விலகிய மாதமும், அதற்குக் கீழே கம்பெனியைப் பற்றி ஒரு வரி. பெரிய பெயர் இல்லாத கம்பெனி என்றால் அந்த ஒரு வரி மிக முக்கியம். என்ன தொழில், எவ்வளவு விற்பனை, எத்தனை கிளை என்பது தெரியாமல் உங்கள் வேலையின் எடை படிப்பவருக்குப் பிடிபடாது.

பிறகு வேலைகள். வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்:

"பர்ச்சேஸ் என்ட்ரி, சேல்ஸ் என்ட்ரி, பேங்க் என்ட்ரி. ஜிஎஸ்டி ரிட்டன். டிடிஎஸ் ரிட்டன். ஆபீஸ் வேலைகள் அனைத்தும்."

அதே ஆள், அதே வேலை. ஆனால் இப்படி எழுதலாம்:

"மாதம் சுமார் 600 பர்ச்சேஸ் பில்களைப் பதிவு செய்து, ஜிஎஸ்டிஆர்-2பி-யுடன் ஒப்பிட்டு, அதில் வராத இன்வாய்ஸ்களை சப்ளையரிடம் கேட்டு வாங்கி, 3பி-யில் எடுக்கவேண்டிய ஐடிசி தொகையை முடிவு செய்வேன்."

இரண்டாவது வரியில் வேலை ஆரம்பிக்கும் இடமும் முடியும் இடமும் இருக்கின்றன. 2பி என்பது சப்ளையர்கள் போட்ட ரிட்டன்களிலிருந்து ஜிஎஸ்டி தளம் தயாரிக்கும் பட்டியல், 3பி என்பது வரி கட்டும் ரிட்டன், ஐடிசி என்பது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது. 2பி-யில் வராத இன்வாய்ஸுக்கு ஐடிசி எடுக்க முடியாது என்பது 2022 ஜனவரி 1 முதல் சட்டம். அந்த ஒப்பீட்டை ஒழுங்காகச் செய்யும் ஆள் கம்பெனியின் பணத்தைக் காப்பாற்றுகிறார் என்று படிப்பவருக்குத் தெரியும். இப்போது ஜிஎஸ்டி தளத்தில் ஐஎம்எஸ் (இன்வாய்ஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம்) வசதியில் இன்வாய்ஸ்களை ஏற்பது, நிராகரிப்பது, நிறுத்திவைப்பது போன்றவற்றையும் நீங்கள் செய்கிறீர்கள் என்றால் அதையும் சேருங்கள். இந்த வேலை தெரிந்த கை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இன்னும் சில வரிகளைப் பார்ப்போம்.

வங்கி ஸ்டேட்மென்ட்டுடன் புத்தகத்தை ஒப்பிடும் பிஆர்எஸ் வேலைக்கு, "பேங்க் ரிகன்சிலியேஷன் பார்த்தேன்" என்பதைவிட, "3 கரன்ட் அக்கவுண்ட், 1 சிசி (கேஷ் கிரெடிட்), 1 பேக்கிங் கிரெடிட் கணக்கு ஆகியவற்றுக்கு வாரந்தோறும் பிஆர்எஸ், மாத முடிவில் 30 நாளுக்கு மேல் நிலுவையில் உள்ள பதிவு எதுவும் இல்லாமல் முடித்தல்."

"டிடிஎஸ் தெரியும்" என்பதைவிட, "கான்ட்ராக்ட், ஜாப் ஒர்க், புரொஃபஷனல் ஃபீஸ், வாடகை ஆகியவற்றுக்கான டிடிஎஸ்ஸைக் கணக்கிட்டு ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் கட்டி, காலாண்டு ரிட்டன் தயார் செய்தல்." இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது பிரிவு எண்கள் மாறிவிட்டன. 194சி, 194ஜே என்று எண்ணை மட்டும் எழுதினால் ரெஸ்யூம் பழசாகத் தெரியும். எந்த வகைப் பணம் என்று எழுதுங்கள். புதிய சட்டத்துக்கு ஏற்ப லெட்ஜர்களை மாற்றிய வேலையில் உங்கள் பங்கு இருந்தால் அதுவே தனி வரிக்குத் தகுதியானது.

சட்டம் மாறும்போது நீங்கள் செய்த வேலைகளை மறக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது ஐட்டம் மாஸ்டர்களைத் திருத்தியது, இ-இன்வாய்ஸ் கட்டாயமாகும் விற்பனை வரம்பு 2023 ஆகஸ்ட் 1-இல் 5 கோடியாகக் குறைந்தபோது கம்பெனிக்கு அதை அமைத்துக் கொடுத்தது, சிறு, குறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவை வரிக்கணக்கில் அந்த ஆண்டு கழிக்க முடியாமல் போகலாம் என்ற 43பி(எச்) விதி வந்தபின் சப்ளையர்களைப் பிரித்து நிலுவைப் பட்டியல் போட்டது எல்லாம் சேர்த்தி. வழக்கமான மாத வேலையை யாரும் கற்றுக்கொள்ளலாம். மாற்றம் வந்த நாளில் தடுமாறாமல் நின்றவர் யார் என்பதைத்தான் மேனேஜர்கள் தேடுகிறார்கள்.

ஷேர்டு சர்வீஸ் வேலைக்கு எழுதும்போது வடிவம் கொஞ்சம் மாறும். அங்கே அளவும் நேரமும்தான் பேச்சு: "அமெரிக்கப் பிரிவுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 80 இன்வாய்ஸ், பர்ச்சேஸ் ஆர்டருடனும் சரக்கு ரசீதுடனும் மூன்று வழி ஒப்பீடு, வாரம் இருமுறை எஸ்ஏபி மென்பொருளில் எஃப்110 பேமென்ட் ரன், மூன்றாம் வேலை நாளுக்குள் அக்ரூவல் (பில் வராத செலவுக்கான) ஜர்னல்." இந்த எண்கள் மாதிரிக்குத்தான். உங்கள் உண்மையான எண் 30 என்றால் 30 என்றே எழுதுங்கள்.

வரியின் ஆரம்பத்தில் "உதவினேன்", "பங்கேற்றேன்" என்ற சொற்களைத் தேவையான இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். நீங்களே செய்ததை "உதவினேன்" என்று குறைத்துக்கொள்வது நம் ஆட்களிடம், முக்கியமாகச் சிறிய ஊர்களிலிருந்து வரும் பெண்களிடம், அதிகம் பார்க்கிறேன். தயார் செய்தது நீங்கள், கையெழுத்துப் போட்டது மேனேஜர் என்றால் "தயார் செய்தேன்" என்று எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதேபோல் ஆடிட்டர் ஃபைல் செய்ததை "நான் ஃபைல் செய்தேன்" என்று எழுதினால், நேர்காணலின் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

எண்களைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ரகசியம். ஆடிட் வாடிக்கையாளரின் விவரத்தை வெளியே விடக்கூடாது என்பது ஆடிட்டர்களுக்குச் சட்டப்படியான கடமை. ஆர்டிகிள்ஷிப் (சிஏ மாணவர்கள் ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சி) அனுபவத்தை எழுதும்போது வாடிக்கையாளரின் பெயரையும் தொகையையும் சேர்த்துப் போடாதீர்கள். "ஈரோட்டில் ஒரு நூற்பாலை, விற்பனை 50 கோடிக்குள்" என்றால் போதும். லிமிடெட் கம்பெனியின் விற்பனை பொதுவெளியில் இருக்கும் தகவல்தான் என்றாலும், லாப விகிதம், வாடிக்கையாளர் பட்டியல், சம்பளத் தொகை எல்லாம் உள்விவரம். இதையெல்லாம் வாரி இறைத்த ரெஸ்யூமைப் பார்க்கும் மேனேஜர், நாளைக்கு நம் கம்பெனி விவரமும் இப்படித்தான் போகும் என்று நினைப்பார். இரண்டாவது, எண்ணின் வடிவம். உள்ளூர்க் கம்பெனி என்றால் லட்சம், கோடி. பன்னாட்டு நிறுவனம் என்றால் மில்லியன். ஒரே ரெஸ்யூமில் இரண்டையும் கலக்காதீர்கள்.

ஐந்தாவது படி: மென்பொருள்

"எம்எஸ் ஆபீஸ், டேலி, இன்டர்நெட்" என்று எழுதும் காலம் போய்விட்டது. எந்த மென்பொருளில் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். டேலி என்றால் பதிவு மட்டுமா, அல்லது காஸ்ட் சென்டர், பேட்ச் வாரியான ஸ்டாக், பேரோல், இ-இன்வாய்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட் இறக்குமதி செய்து ரிகன்சைல் செய்வதுவரையா? 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் திருத்தங்களின் தடம் பதிவாகும் மென்பொருளில்தான் கணக்கு வைக்கவேண்டும். டேலியின் எடிட் லாக் பதிப்பில் வேலை பார்த்திருந்தால் குறிப்பிடுங்கள்.

எக்செல்லை "அட்வான்ஸ்டு எக்செல்" என்று மட்டும் எழுதிவிட்டால் அது எதையும் சொல்வதில்லை. "பிவட் டேபிள், எக்ஸ்லுக்அப், சம்இஃப்ஸ் வைத்து கடன் வயது அறிக்கை, பவர் குவெரியில் மூன்று கிளைகளின் விற்பனையை ஒன்றுசேர்த்தல்" என்றால் உங்கள் திறமை தெரியும். நேர்காணலிலேயே லேப்டாப்பைத் தந்து செய்யச் சொல்லும் இடங்கள் உண்டு, அதனால் கை பழகியதை மட்டும் எழுதுங்கள்.

எஸ்ஏபி என்றால் படிப்பு வேறு, வேலை பார்த்த அனுபவம் வேறு. பயிற்சி மையத்தில் மூன்று மாதம் படித்தவர் "எஸ்ஏபி ஃபைகோ பயிற்சி" என்று எழுதவேண்டும். வேலையில் பயன்படுத்தியவர் எஃப்பி60, மிரோ, எஃப்பிஎல்1என் என்று தான் தினமும் தட்டிய டிரான்சாக்ஷன் குறியீடுகள் சிலவற்றைச் சேர்க்கலாம்.

ஆறாவது படி: படிப்பு

பட்டம், கல்லூரி, முடித்த ஆண்டு, மதிப்பெண். இரண்டு, மூன்று வருட அனுபவம் வந்தபிறகு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களை எடுத்துவிடலாம். ஷேர்டு சர்வீஸ் மையங்கள் சில அவற்றைக் கேட்கும், விண்ணப்பத்தில் கேட்டால் மட்டும் கொடுங்கள். பழைய அரியர் கதையெல்லாம் தேவையில்லை. பட்டம் கையில் இருக்கிறதா, எந்த ஆண்டு முடித்தீர்கள் என்பதே போதும்.

நம் மாநிலத்துக்கே உரிய ஒரு குழப்பம் இதில் இருக்கிறது. "பி.காம் சிஏ" என்றால் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன். வெளிமாநிலத்தில் உட்கார்ந்து படிக்கும் எச்ஆர் இதை சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் என்று முழுதாக எழுதிவிடுங்கள்.

சிஏ படிப்பவர்கள் நிலையைத் துல்லியமாகச் சொல்லவேண்டும்: "சிஏ இன்டர் இரண்டு குரூப்பும் தேர்ச்சி, தேர்வு மாதம், ஆண்டு, ஆர்டிகிள்ஷிப் முடித்தது, ஃபைனல் முதல் குரூப் தேர்ச்சி." ஆர்டிகிள்ஷிப் காலம் புதிய திட்டத்தில் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்திருப்பதால், நீங்கள் எத்தனை ஆண்டு செய்தீர்கள் என்பதைத் தேதியோடு போடுங்கள். ஃபைனல் முடிக்காதவர் பெயருக்கு முன்னால் சிஏ என்று போடவே கூடாது. 1949-ஆம் ஆண்டின் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டப்படி, உறுப்பினர் அல்லாதவர் தன்னை உறுப்பினர் என்று காட்டிக்கொள்வது குற்றம். சிஎம்ஏ தகுதியை எழுதுபவர்களும் இந்திய இன்ஸ்டிடியூட்டா, அமெரிக்கச் சான்றா என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஃபைனல் கைகூடவில்லையே என்று வெட்கப்பட்டு ஆர்டிகிள்ஷிப்பையே மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஸ்டாட்யூட்டரி ஆடிட், டாக்ஸ் ஆடிட், வங்கிக் கிளை ஆடிட் எல்லாம் பார்த்த கையை கம்பெனிகள் தேடி எடுக்கின்றன. தேர்வு முடிவு எப்படி இருந்தாலும் அந்த வருடங்களில் கற்றது உங்களுடையது.

அரசு டைப்ரைட்டிங் தேர்வில் ஹையர் தேறியிருந்தால் ஒரு வரி போடலாம். வேகமாகப் பதிவு போடும் கை சிறிய ஆபீஸ்களுக்கு இன்னும் தேவைப்படுகிறது.

முதல் வேலை தேடுபவர்களுக்கு

அனுபவம் இல்லை என்பதால் பக்கத்தை நிரப்புவதற்காக "கடின உழைப்பாளி, நேர்மையானவர், விரைவில் கற்றுக்கொள்பவர்" என்று அடுக்கவேண்டாம். ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கத்தில் நீங்கள் கைப்படச் செய்த ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

எப்படி உருவாக்குவது? தெரிந்த மளிகைக் கடையிலோ ஹார்ட்வேர் கடையிலோ கேட்டு, ஒரு மாதத்துப் பில்களை வாங்கி டேலியின் எஜுகேஷனல் பதிப்பில் பதிவு செய்து பாருங்கள். அந்தப் பதிப்பில் எல்லாத் தேதியிலும் பதிவு போட முடியாது என்றாலும் பழகுவதற்குப் போதும். ஸ்டாக், கடன், வங்கி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து ட்ரயல் பேலன்ஸ் வரை கொண்டுபோங்கள். அப்புறம் ரெஸ்யூமில் இப்படி எழுதலாம்: "ஒரு சில்லறைக் கடையின் ஒரு மாதக் கணக்கைப் பயிற்சிக்காக டேலியில் பதிவு செய்து, வங்கி ஸ்டேட்மென்ட்டுடன் ஒப்பிட்டு, 3பி-க்கான வரித்தொகையைக் கணக்கிட்டேன்." சான்றிதழ் மட்டும் வைத்திருக்கும் பத்துப் பேருக்கு நடுவில் இந்த ஒரு வரி உங்களைத் தனியாகக் காட்டும். இன்னொரு வழி, பங்குச் சந்தையில் உள்ள ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை இறக்கி, மூன்று ஆண்டுகளின் கடன் விகிதம், வசூல் நாட்கள், லாப விகிதம் ஆகியவற்றை எக்செல்லில் போட்டு ஒரு பக்கக் குறிப்பு எழுதுவது. ஃபைனான்ஸ் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இது நல்ல பயிற்சி.

இடைவெளி இருந்தால்

சிஏ தேர்வுக்காக வீட்டில் இருந்த வருடம், பிரசவம், பிள்ளை வளர்ப்பு, பெற்றோர் உடல்நலம் என்று யாருக்கும் இடைவெளி வரலாம். தேதிகளை இழுத்துப் பிடித்து மறைப்பதுதான் ஆபத்து. பின்னணிச் சரிபார்ப்பில் பிஎஃப் கணக்கின் யுஏஎன் (பிஎஃப் உறுப்பினருக்கு உள்ள நிரந்தர எண்) வரலாற்றைப் பார்க்கும் நிறுவனங்கள் பல. சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அதில் அப்படியே இருக்கும். ரெஸ்யூம் எழுதும்போதே யுஏஎன் தளத்தில் நுழைந்து உங்கள் தேதிகளை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் இப்போதே சரிசெய்துவிடலாம். பிஎஃப் பிடிக்காத சிறிய கம்பெனி என்றால் நியமனக் கடிதம், சம்பளம் வரவான வங்கி ஸ்டேட்மென்ட், ரிலீவிங் லெட்டர் ஆகியவற்றை எடுத்து வையுங்கள்.

இடைவெளியை ஒரே வரியில் சொல்லுங்கள்: "2022 ஜூன் முதல் 2024 மார்ச் வரை: குடும்பப் பொறுப்பு. இந்தக் காலத்தில் இரண்டு சிறு வியாபாரிகளின் ஜிஎஸ்டி ரிட்டன் வேலையை வீட்டிலிருந்து செய்தேன்." இரண்டாவது வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் முதல் வாக்கியமே போதும், அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம்.

வளைகுடா நாடுகளுக்கு விண்ணப்பிப்பவர்கள், அங்கிருந்து திரும்புகிறவர்கள்

வளைகுடாவுக்கு என்றால் குடியுரிமை, விசா நிலை, எப்போது சேரமுடியும், ஓட்டுநர் உரிமம் உண்டா என்பவற்றை மேலே போடுவது வழக்கம். இந்திய ஜிஎஸ்டி அனுபவத்தைச் சுருக்கி, வாட் (மதிப்புக் கூட்டு வரி) பற்றித் தெரிந்ததை எழுதுங்கள். அமீரகத்தில் 2018 ஜனவரி 1 முதல் 5 சதவீத வாட் இருக்கிறது. 2023 ஜூன் 1-இலோ அதற்குப் பிறகோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு கார்ப்பரேட் டாக்ஸும் வந்துவிட்டது. சவுதியில் வாட் 2020 ஜூலை முதல் 15 சதவீதம். திரும்பி வருகிறவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்யவேண்டும். அங்கே பார்த்த ஐஎஃப்ஆர்எஸ் (சர்வதேசக் கணக்கியல் தரம்) அறிக்கை, குழும ஒருங்கிணைப்பு போன்றவற்றை முன்னால் வைத்து, ஜிஎஸ்டி விதிகளைப் புதுப்பித்துக்கொண்டதையும் காட்டுங்கள்.

எதை எடுத்துவிடலாம்

அப்பா பெயர், மதம், சாதி, திருமண நிலை, இந்திய வேலைக்குப் புகைப்படம், பொழுதுபோக்கு, "மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்" என்ற அறிவிப்பு, இடம், தேதி, கையெழுத்து. அரசு விண்ணப்பத்தில் இவை கேட்கப்படலாம், தனியார் ரெஸ்யூமில் வேலை இல்லை. எதிர்பார்க்கும் சம்பளத்தையும் நீங்களாக எழுதவேண்டாம். நோட்டீஸ் பீரியட் 30 நாளுக்குள் என்றால் மட்டும் போடுங்கள், அது உங்களுக்குச் சாதகம்.

கடைசிப் படி: சரிபார்த்து அனுப்புவது

மற்ற வேலைக்கான ரெஸ்யூமில் ஓர் எழுத்துப்பிழை மன்னிக்கப்படலாம். கணக்கு வேலைக்கான ரெஸ்யூமில் ஓர் எண் பிழை மன்னிக்கப்படாது. மேலே "6 ஆண்டு அனுபவம்" என்று எழுதி, கீழே உள்ள மாதங்களைக் கூட்டினால் 5 ஆண்டு 2 மாதம் வருகிறதென்றால், படிப்பவர் அதைக் கூட்டிப் பார்த்தே தீருவார், அது அவர் பழக்கம். தேதி வடிவம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். மொத்தம் இரண்டு பக்கம் தாண்டவேண்டாம்.

வடிவமைப்பில் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. இரண்டு பத்தி வடிவம், பெட்டிகள், திறமையை நட்சத்திரத்தில் காட்டும் படங்கள் எல்லாம் வேலைவாய்ப்புத் தளங்களின் மென்பொருளைக் குழப்பும். எளிய சோதனை ஒன்று: பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை குலையாமல், எழுத்து சிதையாமல் வந்தால் மென்பொருளும் சரியாகப் படிக்கும்.

விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் "அக்கவுண்ட்ஸ் பேயபிள்" என்று கேட்டிருந்தால் நீங்களும் அதே சொல்லைப் போடுங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் பதவியும் இருக்கட்டும். "நியூ ரெஸ்யூம் ஃபைனல் 3" என்று வந்தால் பார்க்கிறவருக்கு எரிச்சல்தான். மின்னஞ்சலை வெற்றாக அனுப்பாமல் நாலு வரி எழுதுங்கள்: எந்த வேலைக்கு, எத்தனை ஆண்டு அனுபவம், அவர்கள் கேட்டதில் எந்த இரண்டு விஷயத்தை நீங்கள் இப்போதே தனியாகச் செய்கிறீர்கள், எப்போது சேரமுடியும்.

அனுப்பியபின் ரெஸ்யூமின் ஒரு பிரதியை அச்சிட்டு, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் வரக்கூடிய கேள்வியை எழுதிப் பாருங்கள். 2பி ஒப்பீடு என்று எழுதியிருந்தால், "சப்ளையர் ரிட்டன் போடவே இல்லை, பணமும் கொடுத்தாகிவிட்டது, என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். பிஆர்எஸ் என்றால், "புத்தகத்தில் இருக்கிறது, ஸ்டேட்மென்ட்டில் இல்லை, மூன்று மாதமாகிறது, எப்படித் தீர்ப்பீர்கள்?" ஃபைனலைசேஷன் என்றால், ஒரு புரொவிஷன் (வரப்போகும் செலவுக்கான ஒதுக்கீடு) பதிவை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள். எந்த வரிக்கு உங்களால் பதில் சொல்ல முடியவில்லையோ, அடுத்த கம்பெனிக்கு அனுப்பும் முன் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள், அல்லது அந்த வரியை எடுத்துவிடுங்கள்.